அமாவாசைத் தவணை

குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்காக வங்கி பிடிக்கும் கட்டணம், அந்த ஒரு காரணத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. கட்டணம் பிடிப்பதற்கு முன்னால், இருப்பு குறைந்திருக்கிறது என்று கணக்குக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் சரிசெய்துகொள்ள ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். இது நான் சொல்வதல்ல. வங்கிகளுக்கெல்லாம் மேலே இருக்கும் வங்கி சுற்றறிக்கை போட்டுச் சொன்னது. அதை நான் கடைசிப் பத்தி வரைக்கும் படித்திருக்கிறேன். மற்ற ஊர்களில் ஓய்வு பெற்றவர்கள் கோயில் கோயிலாகப் போவார்களாம். காஞ்சிபுரத்தில் அதற்கு ஓய்வு பெறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை; காய்கறி வாங்கப் போனாலே நாலு கோயில் வழியில் வந்துவிடும். ஆகவே கருவூலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பில்களைத் திருப்பி அனுப்பிப் பழகிய நான், ஓய்வுக்குப் பிறகு சுற்றறிக்கை படித்துக்கொண்டிருக்கிறேன்.

மாசி அமாவாசை முடிந்து மூன்றாம் நாள் மத்தியானம் என் தங்கை பாஸ்புத்தகத்தோடு வந்தாள். பக்கத்துத் தெருதான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடி சொன்னாள்.

"க்கா, பேங்க்ல நான்தான் அவங்களுக்குத் தரணுமாம்."

"யார் சொன்னது?"

"கவுண்டர்ல இருக்கிற பொண்ணு. கம்ப்யூட்டர்ல என் பணத்துக்கு முன்னால ஒரு கோடு போட்டிருக்குதாம். அப்புறம் கூலி வந்து அந்தக் கோட்டை அடைச்சிட்டுதாம். மீதிதான் குடுப்பாங்களாம்."

அந்தக் கோட்டுக்கு மைனஸ் என்று பெயர். சேமிப்புக் கணக்கில் அது விழக் கூடாது என்பதுதான் மேலே சொன்ன விதி.

தங்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் அவளும் அவள் கணவரும் ஒரே தறியில் நெய்கிறார்கள். கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் குறுக்கு நூலான ஊடையிலேயே கோர்க்க வேண்டும். அதற்குத் தறியின் ஒரு பக்கத்தில் நெய்பவர் உட்கார்ந்தால் மறுபக்கம் கரை நூலை ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னொருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த இன்னொருவர் கல்யாணமான நாளிலிருந்து என் தங்கை. தறிக்கு இரண்டு ஆள், கூலி ஒன்று, அந்தக் கூலி போய்ச் சேர்ந்த கணக்கும் ஒன்று. அது அவள் கணவருடையது.

அது எப்படி அவள் கணக்குக்கு மாறியது என்பதில் சமூக நீதி எதுவும் இல்லை. தங்கை கணவர் ஒரு நண்பருக்குக் கடன் ஜாமீன் போட்டார். நண்பர் பெங்களூரு போய்விட்டார். வங்கி ஜாமீன்காரரின் கணக்கை முடக்கியது. வேறு வழியில்லாமல் தங்கை பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, கூலியை அதில் போடும்படி முதலாளியிடம் சொன்னார்கள். அதே சமயத்தில் தங்கை கணவருக்கு ஒரு ஸ்கூட்டர் வேண்டியிருந்தது. அவர் பெயருக்கு யாரும் கடன் தரமாட்டார்கள் என்பதால் கடனும் தங்கை பெயரில், தவணையும் தங்கை கணக்கில். மூன்று வருஷத் தவணை. வண்டி ஓட்டுவது மட்டும் அவர்.

தற்காலிக ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அரசாங்கத்தில் தற்காலிகமாக ஆரம்பித்து நிரந்தரமாகிப்போன எத்தனையோ பதவிகளை நான் பார்த்திருக்கிறேன். தங்கையும் அந்தக் கணக்கில் மெல்ல நிரந்தரமாகிவிட்டாள். வரிசையில் நின்று சீட்டு எழுதிப் பணம் எடுக்கக் கற்றுக்கொண்டாள். ஒருமுறை என்னிடம், "இத்தன வருஷமா பக்கத்துல உக்காந்தேன்க்கா, இப்பத்தான் என் பேர்ல வந்து நிக்குது" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். தேங்காய் விலை சொல்வதுபோல.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். தங்கை கணவர் தறிக் குழியில் கால் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"வாங்கக்கா. உங்க தங்கச்சிகிட்ட பாவுல எத்தனை இழைன்னு கேளுங்க, தூக்கத்துல சொல்லுவா. பேங்க்ல எவ்ளோ இருக்குதுன்னு கேளுங்க, முழிப்பா."

"இருந்தாத்தானே சொல்றதுக்கு," என்றாள் தங்கை. "கார்டு யாரு ஜோப்புல இருக்குது?"

"மாசி நடுவுல நான் எடுத்தேன். இல்லன்னு சொல்லல. முன் டயர் வழுக்கையாப் போச்சு, மாத்தணும். பணம் சும்மா கிடந்துச்சு, எடுத்தேன்."

"சும்மாவா கிடந்துச்சு? அது தவணைப் பணம்."

"தவணை அஞ்சாந்தேதியோட முடிஞ்சுபோச்சே. அதுக்கு அப்புறம் கிடக்கிறது சும்மாதானே."

அதாவது வண்டிக்குக் கட்ட வைத்திருந்த தவணையை எடுத்து அந்த வண்டிக்கே டயர் போட்டிருக்கிறார். கருவூலத்தில் இதற்கு நிதியை வேறு தலைப்புக்குத் திருப்புதல் என்று பெயர். முன் அனுமதி இல்லாமல் செய்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். நான் குறிப்பாணை கொடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏம்மா, தவணை என்னிக்கு?"

"அமாவாசை கழிச்சு மூணாம் நாளு," என்றாள் தங்கை உடனே.

"அஞ்சாந்தேதிடி," என்றார் அவர்.

"அதான். அமாவாசை கழிச்சு மூணாம் நாளு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் இரண்டு வருஷத்துக்கு மேலாக இரண்டு பஞ்சாங்கம் ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

எங்கள் தெருக்களில் அமாவாசை அன்று தறி ஓடாது. அது ஒன்றுதான் விடுமுறை. அன்றைக்குத்தான் நெய்து முடித்ததை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போவார்கள். கணக்குப் பார்ப்பதும் அன்றைக்குத்தான். மறுநாள் கூலி கணக்கில் ஏறும். அதற்கும் அடுத்த நாள் வங்கியில் கூட்டம் தாங்காது. ஆகவே தங்கை மூன்றாம் நாள் போவாள். தவணைக்கு வேண்டியதை விட்டுவிட்டு மீதியை வீட்டுச் செலவுக்கு எடுத்துவருவாள். விட்டுவிட்டு வந்தால் கட்டிவிட்டதாகத்தான் அவளுக்குக் கணக்கு. முதல் தவணை பிடித்த மாதம் அமாவாசை இரண்டாம் தேதி வந்திருக்கிறது. மூன்றாம் நாள் என்பது அஞ்சாம் தேதி. அவள் கண்ணெதிரிலேயே பணம் போயிருக்கிறது. வங்கியும் ஊரைப்போல அமாவாசை பார்த்துத்தான் நடக்கிறது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். இந்த ஊரில் அப்படி நினைப்பதற்குப் பெரிய அசட்டுத்தனம் ஒன்றும் வேண்டாம்.

சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள்தான். ஆங்கில மாதம் அதைவிட நீளம். அமாவாசை மாதாமாதம் ஏறக்குறைய ஒரு நாள் முன்னுக்கு வந்துகொண்டே இருக்கும். இரண்டாம் தேதியில் இருந்தது முந்தைய மாதக் கடைசிக்கு, பிறகு இருபதாம் தேதிக்கு, பிறகு பத்தாம் தேதிக்கு என்று நகர்ந்து வந்திருக்கிறது. அப்படியென்றால் என் தங்கை ஒரு தவணைக்குக்கூடப் பிந்தவில்லை. ஒவ்வொரு மாதமும் வங்கி கேட்பதற்கு முன்பே பணத்தை வைத்துவிட்டாள். இந்த வருஷம் அது ரொம்பவே முன்னால் போய்விட்டது. அஞ்சாம் தேதி முடிந்து ஒரு வாரத்துக்குள் அடுத்த தவணை வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூன்று வாரம் அது அங்கேயே கிடக்கும். ஒரு மனுஷனுக்கு அது சும்மா கிடப்பதாகத் தெரியும், அவன் சட்டைப் பையில் கார்டும் இருந்தால்.

"உன் கணக்கு சரி," என்றேன் தங்கையிடம். "உங்க கணக்கும் சரிதான்," என்றேன் அவரிடம். எனக்கே பிடிக்காத வாக்கியம் அது. தணிக்கையில் இப்படி எழுதினால் இரண்டு தரப்பும் தப்பித்துவிடும்.

அவர் தப்பிக்கப் பார்த்தார்.

"அதெல்லாம் விடுங்கக்கா. என் கணக்குத் தடையெல்லாம் நீங்கிப்போச்சு. பேசாம கூலி மறுபடியும் என் கணக்குக்கே வரட்டும். இவளுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? அமாவாசையப் பாத்துக்கினு பேங்க் நடத்த முடியுமா?"

தங்கை எழுந்து போய் அடுப்பில் எதையோ கிளறினாள். அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குக் கவலை. கோர்வைக்கு உட்காருகிற ஆளுக்குக் கணக்கு எதற்கு என்ற பழைய நியாயம் மறுபடியும் கதவைத் தட்டிக்கொண்டு நின்றது. வங்கி போட்ட அந்த ஒரு கோடு அதற்குத் துணைக்கு வந்திருந்தது.

"தப்பு வங்கியோடது," என்றேன். "நான் எழுதி வாங்கித் தரேன். பதில் வர்ற வரைக்கும் எதையும் மாத்தாதீங்க தம்பி."

"எது வரைக்கும்?"

தறியில் ஏற்றிய நீள நூலான பாவு தீர்ந்து புதிது மாறும்போதுதான் முதலாளி கணக்கையும் மாற்றுவார். அடுத்த புதுப் பாவு ஆடி அமாவாசைக்கு வரவேண்டியது.

"ஆடி அமாவாசை வரைக்கும்."

"சரி. அன்னிக்கு பதில் கையில இல்லன்னா, என் கணக்கு."

ஆடி ரொம்ப தூரத்தில் இருந்தது. வங்கியை நன்றாகத் தெரிந்தும் நான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் தங்கை கணவரின் கைபேசியை வாங்கி, கணக்கோடு இணைத்த எண்ணுக்கு வந்த செய்திகளை எல்லாம் படித்தேன். முடி வளர எண்ணெய், உடனடிக் கடன், யாரோ ஒருவர் வென்ற கார். நடுவில் வங்கியின் செய்திகள். பிடித்துவிட்டோம் என்று இருந்தது. பிடிக்கப் போகிறோம் என்று எங்கும் இல்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கிளை மேலாளர் இளைஞர். மரியாதையாக நாற்காலி காட்டினார்.

"மேடம், இது சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா பிடிக்கிறது. எங்க கையில ஒண்ணும் இல்ல."

"மனுவை யார் கையில கொடுக்கிறது? சிஸ்டம் வாங்கிக்குமா?"

"மனு எதுக்கு மேடம், நான் வாய்மொழியா மேல சொல்லிடறேன்."

"தம்பி, நான் கருவூலத்துல இருந்தவ. வாய்மொழியா மேல போன எதுவும் கீழ வந்து நான் பாத்ததில்ல."

சிரித்தார். மனுவைப் படித்தார். தவணை திரும்பியதற்கான கட்டணத்தை நான் கேட்கவில்லை என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தேன். பணம் இல்லை, தவணை திரும்பியது, அதற்குக் கட்டணம் உண்டு. அது எங்கள் வீட்டு டயரின் விலையோடு சேர்ந்தது. அதற்கு மேல் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பிடித்ததும், அதற்குப் போட்ட வரியும், அதனால் விழுந்த மைனஸும்தான் வழக்கு. அமாவாசையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மனுவில் வீட்டுக் கதை எழுதினால் பதிலும் கதையாகவே வரும்.

"கட்டணம் கொஞ்சம்தானே மேடம்," என்றார் மேலாளர் மெதுவாக. "இதுக்குப் போயி இவ்ளோ அலையணுமா?"

"கொஞ்சம்தானே, திருப்பிக் கொடுத்துடுங்க."

அவர் மனுவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை கேட்டேன். முத்திரை வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்.

"அவர் லீவுல போகலாம். முத்திரை லீவுல போகாது. அந்த மேஜை இழுப்பறையைத் திறந்து பாருங்க."

திறந்தார். இருந்தது. தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

முப்பது நாள் ஆனது. பதில் இல்லை. வங்கியின் தலைமையகக் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் போட்டேன். அவர் ஒரு பதில் அனுப்பினார். உங்கள் மனு எங்களுக்கு மிக முக்கியமானது என்று. முக்கியமான மனுவை என்ன செய்தார் என்று அதில் இல்லை. நினைவூட்டல் போட்டேன். அதற்கும் அதே வாசகம், அதே கையொப்பம், அச்சடித்தது. கெடு முடிந்ததும் வங்கிகளுக்கெல்லாம் மேலே இருக்கும் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு முறையீடு செய்தேன். இந்தப் படிகளை ஒன்றைத் தாண்டி ஒன்றுக்குப் போனால் மனுவைத் திருப்பிவிடுவார்கள். நான் எத்தனையோ மனுக்களை அப்படித் திருப்பியிருக்கிறேன். எனவே ஒரு படியும் தாண்டவில்லை.

இதற்கிடையில் தங்கை கணவர் என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்துவார். புது டயர், பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

"பதில் வந்துச்சாக்கா?"

"வரும்."

"வைகாசி கருட சேவைக்கு பெருமாளே வெளிய வந்துட்டாரு. உங்க பேங்க் இன்னும் வரலியே."

"பெருமாளுக்கு நாள் குறிச்சிருக்கு. இவங்களுக்கு நான்தான் குறிக்கணும்."

சிரித்துக்கொண்டே போவார். கெட்ட மனுஷன் இல்லை. தன் பெயரில் பணம் வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது பணத்துக்காக மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். முடங்கிக் கிடந்த கணக்கு தெருவில் எல்லோருக்கும் தெரியும். அது திறந்துவிட்டதும் தெருவுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அதற்கு என் தங்கை கணக்கை மூட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

ஆடி அமாவாசை வந்தது. தெருவில் தறிச் சத்தம் இல்லை. காலையில் குளத்தங்கரையில் பெரியவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, தங்கை கணவர் நெய்த புடவையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓரிக்கையில் இருக்கும் முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார். என் கையில் பதில் இல்லை. வாக்கு வாக்குதான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வண்டியைக் கிளப்புகிற நேரத்தில் தங்கை கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள்.

"நீ எங்கம்மா?" என்றார்.

"மொதலாளி வூட்டுக்கு. நெய்யறப்ப கூட உக்காரலியா? இப்பவும் உக்கார்றேன்."

மற்றது நான் பார்த்ததல்ல. சாயங்காலம் தங்கை கணவரே வந்து சொன்னார். கோபமாக ஆரம்பித்தார். முடிக்கும்போது அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது.

"மொதலாளி நோட்டைத் திறந்தாரு. புதுப் பாவுக்கு எந்தக் கணக்குப்பான்னு கேட்டாரு. நான் என் கணக்கு நம்பர் எழுதின சீட்டை நீட்டறேன். உங்க தங்கச்சி, மாத்துங்க மொதலாளி, தாராளமா மாத்துங்க, ஆனா நான் இனிமே கோர்வைக்கு உக்கார மாட்டேன், அந்தக் கணக்கே வந்து உக்காந்து நாடாவத் தள்ளட்டும்னா."

"அவர் என்ன சொன்னார்?"

"நோட்டை மூடிட்டாரு. வீட்டுல பேசிக்கினு வாங்கப்பா, எனக்குப் புடவை வரணும், யார் கணக்குங்கறது உங்க பிரச்சனை, பழையபடியே போடறேன்னாரு. அங்க வேற நாலு பேர் உக்காந்துக்கினு சிரிக்கறானுங்க."

"நீங்க?"

"நான் என்ன பண்றது? கோர்வைக்கு வெளியாளைக் கூப்பிட்டா கூலியில பாதி போயிடும்." காலிச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "கார்டையும் வாங்கிக்கினா. திரும்பி வர்ற வழியில, சிக்னல்ல நிக்கறப்ப. பின்னாலேர்ந்து ஜோப்புல கையைவிட்டு எடுத்துட்டா."

எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அடக்கிக்கொண்டு காபி கொடுத்தேன். ஐந்து மாதமாக நான் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்த விஷயத்தை அவள் ஒரு ஸ்கூட்டர் சவாரியில் முடித்துவிட்டு வந்திருந்தாள். அதற்காக என் முறையீட்டை நான் வாபஸ் வாங்கப் போவதில்லை. அவள் கணக்கு நின்றது அவள் வாயால். வங்கி பிடித்த பணம் வங்கியிடம்தான் இருந்தது.

வங்கியின் பதில் வந்தபோது தங்கை வீட்டில் இல்லை. மூன்றாம் நாள் வழக்கப்படி தவணையை விட்டுவிட்டு மீதியை எடுத்துவர வங்கிக்குப் போயிருந்தாள். தேதி பார்த்துப் போ என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. கார்டு அவளிடம் இருக்கும்வரை அவள் முறையில் ஒரு குறையும் இல்லை. தபால்காரர் உறையை என்னிடமே கொடுத்தார், மனுவில் அனுப்புநர் முகவரியாக என் வீடுதான் இருந்தது.

நான் கேட்ட தொகை முழுதும் திருப்பி வரவு வைக்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள். தவணை திரும்பிய கட்டணம் அதில் இல்லை; அதை நான் கேட்கவும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: வாடிக்கையாளரின் நலன் கருதி, நல்லெண்ண அடிப்படையில். அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டேன். விதியைப் பின்பற்றுவதற்கு நல்லெண்ணம் தேவையில்லை; நல்லெண்ணம் என்பதை நீக்கிவிட்டு விதி எண்ணைக் குறிப்பிட்டுத் திருத்திய கடிதம் அனுப்பும்படி உடனே ஒரு மனு எழுதி உறையிலிட்டேன். அதை அனுப்ப வேண்டாம் என்று யார் சொன்னாலும் அனுப்பியிருப்பேன். நல்லவேளை, யாரும் சொல்லவில்லை.

பிறகு, முப்பது வருஷப் பழக்கம், வங்கியின் கடிதத்தின் மேல் மூலையில் அது கைக்கு வந்த நாளை எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன்: ஆகஸ்டு ஏழு, அமாவாசை கழிந்து மூன்றாம் நாள்.